மாப்பிள்ளை வந்தால்தான் குளிரும்

கபீர்: ...அஞ்சே நிமிஷம் ஜலீலா. படுக்கக்கூட மாட்டேன். கதவத் தெறந்து ஒரு கால மட்டும் உள்ள வச்சுக்கறேன்.

ஜலீலா: எந்தக் கால?

கபீர்: உனக்கு எது சௌகரியமோ அத.

ஜலீலா: ரெண்டும் வேணாம். அது மாப்பிள்ளை ரூம்.

கபீர்: அந்த ஏசிய வாங்கிப் போட்டது நான்.

ஜலீலா: சட்டம் போட்டதும் நீங்கதான். அன்ஸியா கல்யாணத்தன்னைக்குப் பந்தியில நின்னு யாரு சொன்னது? "எங்க குடும்பத்துல மாப்பிள்ளைக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கினா, வருஷம் திரும்பற வரைக்கும் அதுல வேற ஒருத்தன் தலை சாய்க்க மாட்டான்." சம்பந்தி வீட்டு ஆளுங்க நெய்ச்சோத்துக் கைய அந்தரத்துல நிறுத்திட்டுக் கேட்டாங்க.

கபீர்: அது ஜனவரி மாசம். ஜனவரியில மனுஷன் என்ன வேணா பேசுவான்.

ஜலீலா: ஏப்ரல்ல அனுபவிங்க.

கபீர்: போனப் பாத்தியா? மஞ்ச அலர்ட் வந்துருக்கு. பதினொன்னுலேருந்து மூணு வரைக்கும் வெளிய எறங்காதேன்னு கவர்ன்மென்டே சொல்லுது.

ஜலீலா: வெளிய எறங்காதேன்னுதானே சொல்லுது? ஏசி ரூம்ல ஏறுன்னு சொல்லலியே. கொஞ்சம் நகருங்க. வழியில படுத்துக் கெடந்தா நான் எத்தன தடவ தாண்டறது?

கபீர்: தரை நல்ல குளுமை. ஒரு எடம் சூடானா அடுத்த எடத்துக்கு உருண்டுக்குவேன். காலைல வாசல்ல ஆரம்பிச்சேன். இப்ப ஃப்ரிட்ஜ்கிட்ட வந்தாச்சு.

ஜலீலா: ஃப்ரிட்ஜத் தொடாதீங்க. நேத்து அதுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நின்னீங்களே, அந்த மத்தி மீன் வாசம் தாடியிலேருந்து இன்னும் போகல.

கபீர்: தலைக்கு மட்டும்தான் எடம் இருந்துச்சு.

ஜலீலா: அ...ச்சூ.

கபீர்: இதென்ன? ஊரே வெந்துட்டிருக்கு, உனக்குத் தும்மல் வருது?

ஜலீலா: வெயில் சளி. வெயில் தலையில எறங்கினா வரும்.

கபீர்: எனக்கு ஏன் எறங்கல?

ஜலீலா: உங்க தலை ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்துச்சு.

கபீர்: சரி, அந்த ஈரத் தோர்த்துத் துண்டக் கொண்டா. ஆ... அல்ஹம்துலில்லாஹ். இது எங்க புடிச்ச தண்ணி? குழாய்த் தண்ணி சாயா மாதிரி கொதிக்குது, இது பரவாயில்லியே.

ஜலீலா: பின்னாடி வாளியில புடிச்சு வச்சது. நீங்க அங்க போகாதீங்க. பாசி புடிச்சிருக்கு, வழுக்கும்.

கபீர்: கொச்சியில பொறந்தது என் தப்பு. எங்க வாப்பா ஊட்டியில ஒரு கடை வச்சிருந்தா என்ன?

ஜலீலா: ஊட்டியில பொறந்திருந்தா கம்பளியக் குத்தம் சொல்லிட்டிருந்திருப்பீங்க. பஜார் ரோட்டுல சுக்கு மண்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் இதே வெயில்தானே? அவங்கெல்லாம் வேல பாக்கலியா?

கபீர்: அவங்கெல்லாம் ஒல்லி. வெயில் பட எடமே இல்ல. எனக்கு ஒடம்புல ஏக்கர் கணக்குல வெயில் படுது.

ஜலீலா: அதுக்குத்தான் புதங்கிழமை காயல்ல ஓடற புது ஏசி படகுல ஏறினீங்களாக்கும்?

கபீர்: அது... ஹைகோர்ட் பக்கம் ஒரு வேலை.

ஜலீலா: நாலு தடவ போய் நாலு தடவ வந்தீங்களாம். எறங்கவே இல்லியாம். அந்தப் பொண்ணு ஸுப்ரியா, அங்க டிக்கெட் பாக்கறவ, "சேட்டனுக்கு எங்க எறங்கணும்"னு கேட்டதுக்கு, "தெரியல மோளே, யோசிச்சிட்டு இருக்கேன்"னீங்களாமே.

கபீர்: யோசிக்கறதுக்கு நல்ல எடம் அது.

ஜலீலா: அதுக்கு முந்தி தோப்பும்படி ஐஸ் பிளான்ட்.

கபீர்: அதப் பேசாத.

ஜலீலா: அங்க வேல பாக்கற இசக்கிதுரை அண்ணன் சொல்லிட்டார். ரெண்டு நிமிஷம் உக்காந்துக்கறேன்னு ஐஸ் கட்டி மேல உக்காந்து, கைலி ஒட்டிக்கிட்டு, மூணு பேர் சேர்ந்து பிரிச்சு எடுத்தாங்களாம்.

கபீர்: கைலியத்தான் பிரிச்சாங்க. நான் தனியாத்தான் இருந்தேன்.

ஜலீலா: அவமானம்.

கபீர்: வெயில்ல அவமானம்லாம் தெரியாது. அத விடு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டியா?

ஜலீலா: ஆ... வந்துட்டீங்களா விஷயத்துக்கு.

கபீர்: என்ன விஷயம்? பொண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளிக்கிழமை விருந்துக்கு வர்றது மொறை. ஜும்மா முடிஞ்சு வரணும், சாப்பிடணும், ரூம்ல கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கணும். மாப்பிள்ளைய ஒத்தையில விடக்கூடாதுன்னு வீட்டு ஆம்பள போய்ப் பேச்சுத் துணைக்கு உக்காரணும். நானா எழுதினேன் இதெல்லாம்? எல்லாம் மொறை.

ஜலீலா: அப்ப மாப்பிள்ளை வந்தா உங்களுக்கும் கதவு தெறக்கும்.

கபீர்: அது... கூடவே வர்ற ஒரு பலன்.

ஜலீலா: நாலு வெள்ளியா வரல.

கபீர்: அதத்தான் நானும் கேக்கறேன். ஏன் வரல? கோவமா? நேத்து மூக்கம்மாள் மீன் கூடைய எறக்கி வச்சுட்டுக் கேக்கறா, "என்ன முதலாளி, மருமகனக் காணோம்"னு. நான் என்ன சொல்ல?

ஜலீலா: போன் போட்டு நீங்களே கேளுங்க.

கபீர்: போடு. ஸ்பீக்கர்ல வை, என் கை ஈரம்.

சஜ்ஜாத்: அஸ்ஸலாமு அலைக்கும் மாமு.

கபீர்: வ அலைக்குமுஸ்ஸலாம் மாப்பிள்ளை. சுகமா? எடக்கொச்சியில சூடு எப்படி?

சஜ்ஜாத்: பரவாயில்ல மாமு. காயல் காத்து இருக்கு.

கபீர்: காயல் காத்து உப்புக் காத்து. ஒடம்புக்கு ஆகாது. ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. ரூமப் பதினாறுல போட்டு வைக்கறேன்.

சஜ்ஜாத்: பதினாறு...

கபீர்: அதுக்குக் கீழ அந்த மிஷின்ல நம்பர் இல்ல மாப்பிள்ளை. இருந்தா போட்டுருவேன்.

சஜ்ஜாத்: இன்னைக்குக் கொஞ்சம் வேலை மாமு. ஒரு கஸ்டமர் வீட்டு ஜன்னலுக்கு அளவு எடுக்கணும்.

கபீர்: போன வெள்ளியும் ஜன்னல்னுதானே சொன்னீங்க?

சஜ்ஜாத்: அதே ஜன்னல்தான்.

கபீர்: ஒரு ஜன்னலுக்கு ரெண்டு வெள்ளியா?

சஜ்ஜாத்: பெரிய ஜன்னல் மாமு. ...மாமு, நீங்க இன்னைக்கு மத்தியானம் வீட்லதானா?

கபீர்: பின்ன? உங்கள ஒத்தையில விட்டுட்டு எங்க போவேன்? ஜும்மா முடிஞ்சதுலேருந்து அஸர் பாங்கு சொல்ற வரைக்கும் கூடவே இருப்பேன்.

சஜ்ஜாத்: அப்ப... ஜன்னல் கொஞ்சம் நேரமாகும் மாமு. வச்சுடறேன்.

கபீர்: வச்சுட்டார். ஜலீலா, பாத்தியா? கொரல்ல ஒரு வாட்டம். மனசுல ஏதோ இருக்கு.

ஜலீலா: இருக்கும்.

கபீர்: அந்த மீன் தலையா? போன தடவ பெரிய தலைய நான் எடுத்துட்டேன்.

ஜலீலா: அது இல்ல.

கபீர்: எறச்சியில நல்லமிளகு ஏறிப்போச்சோ? மூக்கத் தொடச்சுட்டே இருந்தார்.

ஜலீலா: அது பதினாறு டிகிரி. பாவம், போர்வை கேட்க வெக்கப்பட்டு நாற்காலியில கெடந்த ஜன்னல் சீலைய இழுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு இருந்தார்.

கபீர்: நாற்காலியிலயா? கட்டில் என்ன ஆச்சு?

ஜலீலா: கட்டில்ல நீங்க இருந்தீங்க.

கபீர்: நான்... ஓரமா.

ஜலீலா: ஓரமாவா? தலைகாணியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ரெண்டு மணிக்கு உள்ள போறீங்க. பேச்சுத் துணைக்குப் போற ஆளுக்குத் தலைகாணி எதுக்குங்க?

கபீர்: சாஞ்சு பேசறதுக்கு.

ஜலீலா: என்ன பேசினீங்க?

கபீர்: நெறய. நல்லமிளகு வெல, சுக்கு எப்படிக் காயப் போடறது... வெள்ளம் வந்தப்ப மண்டியில சாக்கெல்லாம் மெதந்த கதை.

ஜலீலா: அந்தக் கதைய மூணு வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கீங்க. மூணாவது தடவ வெள்ளம் உங்க கழுத்து வரைக்கும் வந்துருச்சாம். மொத தடவ முட்டி வரைக்கும்தான் இருந்துச்சுன்னு மாப்பிள்ளை அன்ஸியாகிட்டச் சொல்லியிருக்கார்.

கபீர்: கவனிச்சுக் கேட்டிருக்கார் பாரு. நல்ல புள்ள.

ஜலீலா: அப்புறம் நீங்க தூங்கிட்டீங்க.

கபீர்: கண்ண மூடினேன்.

ஜலீலா: கண்ண மூடினதுக்கு இந்த மாதிரி சத்தம் வராது. அவர் எழுந்து போனா மரியாதக் கொறச்சல்னு நாற்காலியிலயே உக்காந்திருக்கார். நடுங்கிக்கிட்டு. அஸர் பாங்கு கேக்கற வரைக்கும்.

கபீர்: சொல்லியிருக்கலாமே...

ஜலீலா: மாமனார எழுப்பி, "எங்க ரூம்லேருந்து எறங்குங்க"ன்னு எந்தப் புது மாப்பிள்ளை சொல்லுவான்? சரி, அதயும் விடுங்க. அந்நேரம் அன்ஸியா எங்க இருந்தா?

கபீர்: அன்ஸியா... சமையக்கட்டுல. உன் கூட.

ஜலீலா: ஏன்?

கபீர்: அம்மா கூடப் பேசிட்டு இருக்கணும்னு ஆசையிருக்கும்.

ஜலீலா: ஏங்க.

கபீர்: என்ன?

ஜலீலா: கல்யாணமாகி மூணு மாசம்.

கபீர்: ஆமா.

ஜலீலா: எடக்கொச்சி வீட்டுல மாமனார், மாமியார், ரெண்டு நாத்தி, ஒரு கொழுந்தன். ஹால்ல ஒரு தடுப்பு வச்சு இவங்களுக்கு எடம் குடுத்திருக்காங்க. ஒருத்தர் இருமினா அஞ்சு பேர் முழிச்சுக்குவாங்க. அவங்க ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கிட்டு நாலு வார்த்த பேசறதுக்கு இந்த ஒலகத்துல இருந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரத்துலதான் நீங்க...

கபீர்: ...தலைகாணியோட.

ஜலீலா: தலைகாணியோட. எதுக்கு உருண்டு போறீங்க? மூஞ்சிய இந்தப் பக்கம் காட்டுங்க.

கபீர்: இந்தப் பக்கம் தரை சூடு.

ஜலீலா: எனக்குத் தெரியும் உங்க சூடு.

கபீர்: அன்ஸியா உங்கிட்டச் சொன்னாளா?

ஜலீலா: வாயத் தெறந்து ஒண்ணும் சொல்லல. அந்தக் கடைசி வெள்ளி ரெண்டு கிலோ உள்ளி உரிச்சா. ஒரு கிலோதான் வேண்டியிருந்துச்சு. கண்ணுல தண்ணி. உள்ளின்னு சொன்னா. வாப்பாகிட்டச் சொல்லாதீங்கம்மான்னா.

கபீர்: உள்ளிக்கு அவளுக்குக் கண்ணுல தண்ணி வராது.

ஜலீலா: தெரியுதுல்ல?

கபீர்: அவ சின்னப் புள்ளையா இருக்கறப்ப நான் அழுவேன் உள்ளிக்கு. அவ என்னப் பாத்துச் சிரிப்பா.

ஜலீலா: ஆமா.

கபீர்: நான் ஒரு கழுத ஜலீலா.

ஜலீலா: கழுத வெயில் தாங்கும்.

கபீர்: மறுபடி போன் போடு.

ஜலீலா: என்ன சொல்லப் போறீங்க? மன்னிப்பு கின்னிப்புன்னு ஆரம்பிச்சா அந்தப் புள்ள வெக்கத்துல ஆறு மாசம் வராது.

கபீர்: அதெல்லாம் எனக்குத் தெரியும். முப்பது வருஷமா யாவாரம் பண்றேன். போடு. ஸ்பீக்கர்.

சஜ்ஜாத்: மாமு, ஜன்னல்கிட்டத்தான் நிக்கறேன்.

கபீர்: நில்லுங்க, நில்லுங்க. ஒரு விஷயம் சொல்ல மறந்துட்டேன் மாப்பிள்ளை. எனக்கு இந்த ஏசி ஒத்துக்கல.

சஜ்ஜாத்: என்ன மாமு?

கபீர்: டாக்டர் சொல்லிட்டார். எனக்கு... எலும்புல குளிர் எறங்குதாம். ஏசி இருக்கிற ரூம் வாசல்ல நின்னாக்கூட ஆகாதாம்.

சஜ்ஜாத்: அல்லாஹ். எப்பலேருந்து?

கபீர்: இப்ப... கொஞ்ச நேரத்துக்கு முன்னாடிலேருந்து. அதனால நீங்க வந்தா உங்க கூட உக்காந்து பேச முடியாதேன்னு ஒரே வெசனம். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. மாமு மரியாத தெரியாத ஆளுன்னு நெனைக்கக் கூடாது.

சஜ்ஜாத்: ஐயோ, இல்ல மாமு. ஒடம்புதான் முக்கியம். நீங்க சிரமப்படவே வேணாம். உள்ள வரவே வேணாம்.

கபீர்: எட்டிப் பாக்கக்கூட முடியாது.

சஜ்ஜாத்: பாக்கவே வேணாம் மாமு.

கபீர்: வெள்ளம் வந்த கதைய முடிக்க முடியலியேன்னுதான்...

சஜ்ஜாத்: அது போன்ல சொல்லுங்க மாமு. எப்ப வேணா. ...இன்னைக்கு சாப்பாட்டுக்கு எத்தன மணிக்கு வரணும்?

கபீர்: ஜன்னல்?

சஜ்ஜாத்: அளந்தாச்சு மாமு. சின்ன ஜன்னல்தான். இதோ அன்ஸியாவுக்குச் சொல்லிட்டேன், பர்தாவப் போட்டுட்டா. ஜும்மா முடிஞ்சதும் பைக் எடுக்கறோம்.

கபீர்: மெல்ல வாங்க. வெயிலு. ...அப்புறம் மாப்பிள்ளை, ரிமோட் உங்க கையில. இருபத்தஞ்சுல போட்டுக்குங்க.

சஜ்ஜாத்: ...ஜஸாக்கல்லாஹ் மாமு.

ஜலீலா: வச்சுட்டாரா?

கபீர்: வச்சுட்டார். சிரிச்சுக்கிட்டே வச்சார். கேட்டுச்சா?

ஜலீலா: கேட்டுச்சு.

கபீர்: இனி அந்த ரூம் எனக்கு இல்ல. வருஷம் திரும்பினாலும் இல்ல. டாக்டர் சொன்னதுக்கு மேல எப்படிப் போறது.

ஜலீலா: எந்த டாக்டர்?

கபீர்: நீதான்.

ஜலீலா: எழுந்திரிங்க. குளிச்சுட்டுப் பள்ளிக்குக் கெளம்புங்க. வந்தப்புறம் அந்த ஜன்னல் ஓரமா பாய் விரிச்சுத் தரேன். நான் விசிறி விடறேன்.

கபீர்: நீயா? விசிறி விடறதா? இப்பச் சொன்னத இன்னொரு தடவ சொல்லு.

ஜலீலா: சொல்ல மாட்டேன். அ...ச்சூ.

கபீர்: இந்தத் தோர்த்து காஞ்சே போச்சு. நான் நனச்சுட்டு வந்துடறேன்.

ஜலீலா: நான் கொண்டு வரேன். நீங்க பின்னாடி போகாதீங்க. வழுக்கும். ...ஏங்க. ஏங்க, நில்லுங்க.

கபீர்: ...ஜலீலா.

ஜலீலா: என்ன? விழுந்துட்டீங்களா?

கபீர்: விழல. இங்க பாசியே இல்ல.

ஜலீலா: நேத்துதான் தேச்சுக் கழுவினேன்.

கபீர்: இந்த வாளிக்கு மேல ஒரு குழாய் நிக்குது.

ஜலீலா: நிக்கட்டும். உள்ள வாங்க.

கபீர்: ஏசி குழாய். ஏசி ஓடினாத்தான் இதுல தண்ணி சொட்டும்.

ஜலீலா: அப்படியா? அதெல்லாம் எனக்கென்ன தெரியும்.

கபீர்: மாப்பிள்ளை வந்து நாலு வாரம் ஆச்சு. வாளி வழியுது. ஊரே வேகுது, உனக்கு மட்டும் சளி. கடையிலேருந்து மத்தியானம் வந்து பாத்தா வீட்டுல ஆளே இருக்கறதில்ல. கேட்டா பக்கத்து வீட்டு பௌசியாவப் பாக்கப் போனேன்னு சொல்ற.

ஜலீலா: போவேன் போவேன். பௌசியாவும் வருவா.

கபீர்: எங்க வருவா? ஜலீலா. அந்த ரூமுக்கா?

ஜலீலா: அவளுக்கும் வெயில் ஆகாதுங்க. பாவம்.

கபீர்: பந்தியில போட்ட சட்டம் என்ன ஆச்சு? வேற ஒருத்தன் தலை சாய்க்க மாட்டான்னு...

ஜலீலா: ஒருத்தன்னுதானே சொன்னீங்க. நாங்க பொம்பளைங்க. அதிருக்கட்டும், என்ன விசாரிக்கறதுக்கு முன்னாடி உங்க கைலி மடிப்புல இருக்கிறத எடுத்து வெளிய வைங்க.

கபீர்: என்ன இருக்கு? பொடி டப்பா.

ஜலீலா: பொடி டப்பாவுக்குப் பின்னாடி. எடுங்க. ஆ. சாவி. யாரு செஞ்சு குடுத்தது? படகுத்துறைகிட்ட உக்காந்திருக்கிற சாவிக்கார ஒச்சப்பனா? அதான் அவர் கூடச் சண்ட போட்டீங்களாக்கும்? பஜாரே பேசுது. நான் கேட்டதுக்குக் கடைப் பூட்டு சரியில்லன்னீங்க.

கபீர்: ...நீ வச்சிருக்கிற ரூம் சாவிய சோப்புல அழுத்தி அச்சு எடுத்தேன்.

ஜலீலா: அதான் சோப்புல சாவி மாதிரி குழி விழுந்திருந்துச்சா.

கபீர்: ஒரு பிரயோசனமும் இல்ல ஜலீலா. ஏமாத்திட்டான் அந்த மனுஷன். நாலு தடவ கடைய விட்டு வந்து போட்டுப் பாத்தேன். சாவி நல்லா திரும்புது. டிக்குன்னு சத்தமும் வருது. கதவு மட்டும் அசைய மாட்டேங்குது. நாலு தடவயும் அவன்கிட்டப் போய், "தொழில் தெரியலன்னா எழுந்து போ"ன்னு சண்ட. அவனும் ராவி ராவிக் குடுத்தான். இந்தச் சாவி தகடு மாதிரி ஆகிப்போச்சு. கடைசியில அந்த ஆள் அழுதுட்டான். "முப்பது வருஷத்துல என் சாவி தெறக்காத பூட்டு இதுதான் இக்கா"ன்னு.

ஜலீலா: நாளைக்குப் போய் ஒச்சப்பன் கையப் புடிச்சு மன்னிப்புக் கேளுங்க. அவர் சாவி மொத நாளே சரியாத்தான் இருந்துச்சு. உள்ள தாப்பாப் போட்டுட்டு நாங்கதான் மூச்சுவிடாமப் படுத்திருந்தோம். ...கேட்டுட்டு நேரா வீட்டுக்கு வாங்க. ரூம் கதவுல மெல்ல மூணு தட்டு. பௌசியாவ அனுப்பிட்டுத் தெறக்கறேன்.